220 என்று எழுதி 512 காட்டிய கரித்துண்டு

மல்டிமீட்டரில் 512 என்று வந்ததும் முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே 512 கிலோ ஓம். நான் அளந்தது, மின்சாரத்தின் ஓட்டத்தைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றை. அதன் உடம்பில் சிவப்பு, சிவப்பு, மஞ்சள், கடைசியில் வெள்ளி என்று நான்கு வளையங்கள். அந்த நிறங்களின் கணக்கில் 220 கிலோ ஓம், 10 சதவீதம் முன்பின் இருக்கலாம். இதுவோ இரண்டு மடங்கைத் தாண்டி நிற்கிறது. கருகலோ விரிசலோ எதுவும் இல்லை. கண்ணால் பார்த்து இதைப் பழுது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது என் தாத்தாவின் வால்வு ரேடியோ. 1960களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் இந்த வீட்டுக்கு வந்தது. பின்பக்க அட்டைக்குள்ளே, அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டி முத்திரை வாங்கிய லைசென்ஸ் புத்தகம்கூட இன்னும் இருக்கிறது. கடலோர ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் அப்போது இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்டது. அம்மா அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார். கடைசியாக எப்போது பாடியது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. பல வருடங்கள் மாடி அலமாரியில் துணி மூடிக் கிடந்தது.

உள்ளே ஐந்து வால்வுகள், அதாவது டிரான்சிஸ்டருக்கு முன் அந்த வேலையைச் செய்த கண்ணாடிக் குழாய்கள்: இ.சி.எச்.81, இ.எஃப்.89, இ.பி.சி.81, இ.எல்.84, மின்சாரத்தை நேர்படுத்த இ.இசட்.80. அந்தக் கால ஏ.சி. ரேடியோக்களில் பரவலாக இருந்த கூட்டணி இது. முதல் வேலையாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மெழுகுப் பேப்பர் கண்டென்சர்களையும், நேர்படுத்திய மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரையும் மாற்றினேன். அதைச் செய்யாமல் இப்படிப்பட்ட செட்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஸ்பீக்கரை ஓட்டும் இ.எல்.84இன் கிரிட்டுக்கு, அதாவது ஒலி உள்ளே நுழையும் முனைக்கு, போகும் கண்டென்சர் கசிந்தால் அந்த வால்வும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போய்விடும். 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்ட சீரிஸ் போர்டு வழியாக ஏற்றினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. வால்வுகள் சிவந்தன. ஒரு நிமிடத்தில் சத்தமும் வந்தது.

ஆனால் அது கேட்கத்தக்க சத்தம் இல்லை. நிலையம் வெகு தொலைவில் இருப்பது போல மெலிந்து வந்தது. வால்யூமைக் கூட்டினால் குரல் கிழிந்தது. பேச்சுக்கு அடியில் ஓயாத ஒரு இரைச்சல், வால்யூம் குமிழைத் தொட்டாலே கரகரப்பு. கண்டென்சர்கள் புதியவை, வால்வுகளையும் நல்ல நிலையில் இருக்கும் வேறு வால்வுகளோடு மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது கார்பனால், அதாவது கரியால் ஆன ரெசிஸ்டர்கள்தான்.

எங்கள் தெருவில் முன்பு ரேடியோ கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். “எல்லா கார்பனையும் பிடுங்கிட்டுப் புதுசு போட்டுடலாமா ஐயா?” என்று கேட்டேன். “மொதல்ல அளந்து எழுதுங்க தம்பி. எழுதாம ஒண்ணையும் கழட்டாதீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் இந்தப் பதிவை எழுத முடிகிறது. மொத்தமாகப் பிடுங்கியிருந்தால் ரேடியோ பாடியிருக்கும், எது கெட்டது, ஏன் கெட்டது என்று ஒன்றும் தெரிந்திருக்காது.

அளக்கும் முன் ஒரு விஷயம். இந்த செட்டுக்குள் 250 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர் அதைப் பிடித்து வைத்திருக்கும். நான் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் இன்சுலேஷன் போட்டு, முனையில் மட்டும் கம்பி தெரியும்படி வைத்திருக்கிறேன். அதைக் கண்டென்சருக்குக் குறுக்கே சில விநாடி பிடித்து, பிறகு மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பேன். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தொட்டு வெடிக்க வைப்பதைச் செய்யாதீர்கள். கண்டென்சருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

சரி, அளவுக்கு வருவோம். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் கழற்றித்தான் அளக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பழைய வால்வு செட்டில் அது அவசியமில்லை. சர்க்யூட்டில் இருக்கும்போது ஒரு ரெசிஸ்டருக்கு இணையாக வேறு பாதைகள் இருக்கலாம். இணையான பாதை எப்போதும் மொத்தத் தடையைக் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது. ஆகவே வளையம் சொல்வதைவிட மீட்டர் அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டரின் அளவு உறுதியாக ஏறிவிட்டது. குறைவாகக் காட்டினால் மட்டும் ஒரு காலை விடுவித்துப் பார்த்தால் போதும். கண்டென்சரில் மிச்ச மின்சாரம் இருந்தால் மீட்டர் பொய் சொல்லும். அதனால் முனைகளை ஒருமுறை மாற்றி வைத்து, இரண்டு முறையும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். மெகா ஓம் அளவுள்ளவற்றை அளக்கும்போது இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துவிடக் கூடாது, நம் உடம்பே ஒரு இணைப் பாதையாகிவிடும். வளையங்களையும் அப்படியே நம்ப முடியவில்லை. அறுபது வருடச் சூட்டில் சிவப்பு பழுப்பாகியிருக்கிறது, ஆரஞ்சு சிவப்பாகத் தெரிகிறது. சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சர்க்யூட் படத்தைப் பார்த்தேன்.

கார்பன் ரெசிஸ்டர்கள் மொத்தம் 16. அவற்றில் ஆறு, 10 சதவீதத்துக்குள் நின்றன. ஐந்து, 10க்கும் 20க்கும் இடையே. மீதி ஐந்தும் எல்லை தாண்டியவை. 220 கிலோ ஓம் 512 ஆனதைச் சொன்னேன். 47 கிலோ ஓம் 96 ஆகியிருந்தது. 680 கிலோ ஓம் 1.12 மெகா ஓம். 10 மெகா ஓம் 14.3. 100 கிலோ ஓம் 129. ஒன்றுகூடக் குறையவில்லை, எல்லாம் ஏறுமுகம்தான். இன்னொன்றும் தெரிந்தது. 150 ஓம், 1 கிலோ ஓம் போன்ற சிறிய அளவுகள் ஏறக்குறைய பிறந்தபடியே இருந்தன. எல்லை தாண்டிய ஐந்தும் பெரிய அளவுகள்தான்.

இனி இவை ரேடியோவை என்ன செய்தன என்று பார்த்தேன். 512 ஆன ரெசிஸ்டர் இ.பி.சி.81 வால்வின் ஆனோடுக்கு, அதாவது பெருக்கிய ஒலி வெளியே வரும் முனைக்கு, மின்சாரம் போகும் பாதையில் இருக்கிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி முதலில் பெருக்கப்படும் இடம் அது. ரெசிஸ்டரின் மேல் முனையில் 235 வோல்ட். ஆனோடில் 44 வோல்ட்தான் இருந்தது, சுமார் நூறு இருக்க வேண்டும். ஆனோடு மின்னழுத்தம் ஒலிக்கு ஏற்ப மேலும் கீழும் ஆட வேண்டும். 44இல் உட்கார்ந்திருந்தால் கீழே இறங்க இடமே இல்லை, சத்தம் கூடும்போது அலையின் அடிப்பாகம் வெட்டுப்படுகிறது. குரல் கிழிந்ததற்குக் காரணம் இதுதான்.

நிலையம் மெலிந்து வந்ததற்குக் காரணம் 96 ஆன அந்த 47 கிலோ ஓம். அது, நிலையத்தின் அலையைப் பெருக்கும் இ.எஃப்.89 வால்வில் ஸ்கிரீன் கிரிட் என்ற உள் வலைக்கு மின்சாரம் கொடுக்கிறது. அந்த வால்வுக்கு ஸ்கிரீனில் 100 வோல்ட் வேண்டும். அளந்தால் 61. ஸ்கிரீன் பட்டினி கிடந்தால் வால்வின் பெருக்கும் திறன் சரிந்துவிடும். இந்த ரெசிஸ்டர் ஏன் கெட்டது என்பதற்குக் கணக்கே போடலாம். சரியாக வேலை செய்த நாளில் இதன் குறுக்கே 126 வோல்ட் விழுந்திருக்கும். 126ஐ 126ஆல் பெருக்கி 47,000ஆல் வகுத்தால் 0.34 வாட். மாட்டியிருப்பது அரை வாட் ரெசிஸ்டர். பாகங்களைத் தாங்கும் சேசிஸ் என்ற தகரத் தட்டுக்கு அடியில், காற்றோட்டமில்லாத இடத்தில், தன் தாங்குதிறனில் மூன்றில் இரண்டு பங்கை எப்போதும் சுமந்துகொண்டு இருந்திருக்கிறது.

680 கிலோ ஓம் இருந்தது இ.எல்.84இன் கிரிட்டில். அந்த வால்வுக்கு கிரிட் ரெசிஸ்டர் 1 மெகா ஓமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. தாண்டினால் கிரிட்டில் கசியும் நுண்ணிய மின்னோட்டமே வால்வின் நிலையைத் தடுமாற வைக்கும், நாளடைவில் வால்வு சூடேறும். 1.12 என்பது வரம்பைத் தாண்டிய அளவு. சத்தத்தில் இதன் விளைவு தெரியவில்லை, ஆனாலும் விட்டு வைக்கவில்லை.

கழற்றிய பிறகு ஒன்றை உடைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 10 மெகா ஓமைக் கட்டிங் பிளேயரில் மெல்ல நசுக்கினேன். பேக்கலைட் போன்ற பழுப்பு ஓடு விரிந்து உதிர்ந்தது. உள்ளே பென்சில் குச்சி மாதிரி ஒரு கறுப்புத் தண்டு. இரண்டு பக்கமும் கம்பியின் தலை அதற்குள் புதைந்திருக்கிறது. விரலில் கரி ஒட்டியது. மொத்த ரெசிஸ்டரும் இவ்வளவுதான். சுருளும் இல்லை, பூச்சும் இல்லை.

கரித்தூள், மின்சாரம் கடத்தாத களிமண் அல்லது சிலிக்கா போன்ற ஒரு நிரப்பி, இரண்டையும் ஒட்ட வைக்க ரெசின். மூன்றையும் கலந்து தண்டாக அழுத்திச் சூட்டில் இறுக்குகிறார்கள். கரி கூடுதலாக இருந்தால் தடை குறைவு, கரியைக் குறைத்து நிரப்பியைக் கூட்டினால் தடை அதிகம். தண்டின் பருமன் மாறாமலே கலவையை மட்டும் மாற்றிச் சில ஓமிலிருந்து பல மெகா ஓம் வரை செய்துவிடலாம். கார்பனை ஏன் இதற்கு எடுத்தார்கள் என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹீட்டர்களில் வரும் நிக்ரோம் கம்பியை 0.05 மில்லிமீட்டர் வரை மெலிதாக இழுத்தால் ஒரு மீட்டருக்குச் சுமார் 560 ஓம் கிடைக்கும். அதை வைத்து 1 மெகா ஓம் செய்ய ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் கம்பியைச் சுற்ற வேண்டும். அதே 1 மெகா ஓம் இங்கே ஒரு நெல்மணியைவிடச் சற்றே பெரிய கரித்துண்டில் அடங்கிவிடுகிறது, விலையும் மிகக் குறைவு. ஏழை வீட்டுக்கும் ரேடியோ வந்து சேர்ந்ததில் இந்தக் கரித்துண்டுக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கலவையை அழுத்திச் செய்வதால் குறிபார்த்து ஒரே அளவில் செய்ய முடியாது. செய்து முடித்து, அளந்து, தரம் பிரித்தார்கள். தங்க வளையம் என்றால் 5 சதவீதம், வெள்ளி 10, வளையமே இல்லாவிட்டால் 20. ரெசிஸ்டர் வாங்கப் போகிற புதியவர்கள் ஏன் 50 இல்லாமல் 47, ஏன் 70 இல்லாமல் 68 என்று கேட்பார்கள். 10, 15, 22, 33, 47, 68 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைப் போலச் சுமார் ஒன்றரை மடங்கு. ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் முன்னும் பின்னும் விட்டால் எல்லைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், தொழிற்சாலையிலிருந்து வரும் எந்தத் துண்டும் ஏதோ ஒரு பெயரில் விற்றுப்போகும். இன்னும் பழைய செட்டுகளில் 50, 250, 500 கிலோ ஓம் என்ற முழு எண்களும் உண்டு. அவற்றில் சில, வளையத்துக்குப் பதிலாக உடம்பு ஒரு நிறம், முனை ஒரு நிறம், நடுவில் ஒரு பொட்டு என்று இருக்கும். உடம்பு முதல் எண், முனை இரண்டாவது, பொட்டு பூஜ்யங்களின் எண்ணிக்கை.

உடைத்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது ஏற்றத்தின் காரணமும் விளங்கியது. மின்சாரம் இதற்குள் ஒரு கரித்துகளிலிருந்து அடுத்த கரித்துகளுக்கு, அவை தொட்டுக்கொள்ளும் இடங்கள் வழியாகத்தான் போகிறது. ரெசின் ஈரத்தை இழுத்து உப்பினால் துகள்கள் விலகும். சூட்டில் ரெசின் முதுமையடைந்தாலும் தொடுபுள்ளிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். 10 மெகா ஓம் தண்டில் கரியே குறைவு, பாதைகளும் கொஞ்சம்தான். அதில் சில அறுந்தாலே பெரிய மாற்றம். 150 ஓம் தண்டில் கரி அடர்ந்திருக்கிறது, சில பாதைகள் போனாலும் தெரியாது. நான் எழுதி வைத்த பட்டியலும் இதையேதான் காட்டியது.

ஈரம் ஒன்று, முதுமை ஒன்று. இரண்டில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஆசை வந்தது. ஈரத்தால் ஏறியது காய வைத்தால் இறங்க வேண்டும், முதுமையால் ஏறியது இறங்காது. சீரிஸ் போர்டில் இருந்த 60 வாட் பல்பையே ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் எரியவிட்டு, கழற்றிய ரெசிஸ்டர்களைக் கம்பி வலையில் பரப்பி வைத்தேன். டின்னுக்குள் 75 டிகிரி செல்சியஸ் சுற்றி நின்றது. இரண்டு நாள் விட்டு, நன்றாக ஆற வைத்துத்தான் அளந்தேன், சூடாக இருக்கும்போது வரும் அளவு வேறு. 100 கிலோ ஓம், 129இலிருந்து 117க்கு இறங்கியிருந்தது. ஏற்றத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் ஈரம்! 220 கிலோ ஓமோ 512இலிருந்து 487க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு இன்னும் ஒரு நாள் கொடுத்தும் பயனில்லை. 47 கிலோ ஓமும் 96இலிருந்து 93க்கு மட்டுமே வந்தது. சுமை சுமந்தவை நிரந்தரமாகவே மாறிவிட்டிருந்தன.

மாற்றுவதற்கு எதைப் போடுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து. பழைய செட்டில் பழைய மாதிரி, கரித்தூளை அழுத்திச் செய்த கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்தான் போட வேண்டும் என்பவர்கள் உண்டு. அலமாரியில் பல பத்தாண்டுகள் கிடந்த பழைய சரக்கை வாங்கினால், மாட்டுவதற்கு முன்பே அது ஏறியிருக்கும். நான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனபோது கார்பன் ஃபிலிம், மெட்டல் ஃபிலிம் இரண்டையும் வாங்கி வந்தேன். சந்தன நிற உடம்பு உள்ளவை பெரும்பாலும் கார்பன் ஃபிலிம், நீல நிறம் மெட்டல் ஃபிலிம்.

கார்பன் ஃபிலிமும் கரிதான், ஆனால் செய்முறை வேறு. பீங்கான் தண்டை வெற்றிட உலையில் பழுக்கக் காய்ச்சி, மீதேன் போன்ற ஹைட்ரோகார்பன் வாயுவை உள்ளே விடுகிறார்கள். சூட்டில் வாயு உடைந்து கார்பன் மட்டும் தண்டின்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. பிறகு அந்தத் தோலில் திருகுச் சுற்றாக ஒரு வெட்டு. மின்சாரம் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியதால் பாதை நீண்டு தடை கூடுகிறது. சரியான அளவு வரும்வரை வெட்டிக்கொண்டே போகலாம் என்பதால் 5 சதவீதத் துல்லியம் எளிது. இங்கே ரெசினில் மிதக்கும் துகள்கள் இல்லை, தொடர்ச்சியான கரித்தோல் இருக்கிறது. அதனால்தான் அது காலத்தோடு அவ்வளவாக ஏறுவதில்லை.

கரிக்கு உரிய ஒரு குணம் மட்டும் இதிலும் உண்டு. உலோகம் சூடானால் தடை கூடும், கரிக்குக் குறையும். ஒரு 100 கிலோ ஓம் கார்பன் ஃபிலிமை மீட்டரில் மாட்டி, சால்டரிங் அயர்னை அருகில் கொண்டுபோனேன். 99.1இல் இருந்தது மெல்ல 96.8 வரை இறங்கியது. அயர்னை எடுத்ததும் ஏறி வந்தது. மெட்டல் ஃபிலிமில் அதே சோதனையைச் செய்தால் எண் அசைந்ததுகூடத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், இரண்டு ரூபாய்ப் பொருளில் ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கிறது.

இரைச்சல் விஷயத்தில்தான் எனக்கு மெட்டல் ஃபிலிம் தேவைப்பட்டது. எந்தப் பொருளால் செய்த ரெசிஸ்டரும் சூட்டினால் சிறிது இரைச்சலை உண்டாக்கும். 1928இல் ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்து காட்டி, நைக்விஸ்ட் என்பவர் விளக்கம் கொடுத்தது அது, அதிலிருந்து தப்ப முடியாது. கார்பன் காம்போசிஷனில் அதற்கு மேல் இன்னொரு இரைச்சலும் சேர்கிறது. துகள்களின் தொடுபுள்ளிகள் வழியே மின்சாரம் போகும்போது அந்தப் பாதைகள் ஓயாமல் நடுங்குகின்றன. ரெசிஸ்டரின் குறுக்கே நேர்மின்னழுத்தம் கூடக்கூட இந்த இரைச்சலும் கூடும். இ.பி.சி.81இன் ஆனோடு ரெசிஸ்டரின் குறுக்கேதான் நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் இ.எல்.84இல் இன்னும் பெருக்கப்படுகிறது. ஆகவே அந்த ஓர் இடத்துக்கு அரை வாட் மெட்டல் ஃபிலிம். ஸ்கிரீனுக்கு 47 கிலோ ஓம், 2 வாட் மெட்டல் ஆக்சைடு, இனி அது சூட்டில் வேகாது. மீதி மூன்றுக்கும் அரை வாட் கார்பன் ஃபிலிம். வாட் கணக்கை மட்டும் பார்த்துக் கால் வாட் போட்டுவிடாதீர்கள். ரெசிஸ்டருக்கு மின்னழுத்த வரம்பும் உண்டு. கால் வாட்டுக்குப் பொதுவாக 250 வோல்ட், அரை வாட்டுக்கு 350. வால்வு செட்டில் அந்த இடைவெளி முக்கியம்.

பற்றவைத்து முடித்து ஏற்றினேன். இ.பி.சி.81 ஆனோடில் 98 வோல்ட். இ.எஃப்.89 ஸ்கிரீனில் 102. இரவு எட்டரைக்குத் திருச்சி வானொலி, 936 கிலோஹெர்ட்ஸில், அறை நிறைய வந்தது. கிழிசல் போய்விட்டது. அடியில் இருந்த இரைச்சல், நிலையங்களுக்கு நடுவே வழக்கமாக வரும் காற்றுச் சத்தம் அளவுக்கு அடங்கிவிட்டது.

மீதி 11 கார்பன் காம்போசிஷன்களை அப்படியே விட்டுவிட்டேன். 10க்கும் 20க்கும் இடையில் ஏறிய ஐந்தும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தேன். அந்த இடங்களின் மின்னழுத்தம் சர்க்யூட் படத்தோடு ஒத்துப்போனது. தேவை இல்லாத இடத்தில் அறுபது வருடப் பற்றவைப்பைக் கலைப்பது செட்டுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அயர்னின் சூடே பழைய கார்பனின் அளவை மாற்றிவிடும் என்பதும் ஒரு காரணம். இ.எல்.84இன் கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் 1 கிலோ ஓம், வால்வு உயர் அதிர்வெண்ணில் தானாக ஊளையிடாமல் தடுக்கப் போட்டது. சுருள் எதுவும் இல்லாத நேரான கரித்தண்டு அதற்கு மிகவும் பொருத்தமானது.

இந்த வகையைப் பழசு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கார்பன் காம்போசிஷனை இன்றும் செய்கிறார்கள். திடீரென்று பாயும் பெரிய மின்துடிப்பைத் தாங்க வேண்டிய இடத்தில், மெல்லிய தோலும் திருகு வெட்டும் உள்ள ஃபிலிம் ரெசிஸ்டர் ஒரு நொடியில் எரிந்துவிடும். காம்போசிஷனில் மொத்தத் தண்டும் அந்த ஆற்றலைப் பகிர்ந்துகொள்கிறது. மோட்டார் சைக்கிளின் பிளக் கேபிளைக்கூடப் பாருங்கள். கரி ஏற்றிய இழை உள்ள கேபிள்களும், உள்ளே சுமார் 5 கிலோ ஓம் தடை வைத்த ஸ்பார்க் பிளக்குகளும் வந்த பிறகுதான் தெருவில் வண்டி போகும்போதெல்லாம் ரேடியோவில் வந்த படபடப்பு குறைந்தது.

கடைசியில் வால்யூம் கண்ட்ரோல். அதுவும் கரிதான், ஆனால் அட்டையில் பூசிய கரி. 500 கிலோ ஓம், பின்னால் ஆன்-ஆஃப் சுவிட்ச் சேர்ந்தது. தகர மூடியின் காதுகளை நிமிர்த்தித் திறந்தேன். பழுப்பு ஃபீனாலிக் அட்டையில் குதிரை லாடம் போல ஒரு கறுப்புத் தடம். அதன்மேல் தொடுகம்பி வழுக்கிச் செல்கிறது. தடத்தின் முதல் மூன்றில் ஒரு பாகத்தில் மட்டும் பளபளப்பாக ஒரு பள்ளம். தாத்தா எப்போதும் எந்தச் சத்தத்தில் வைத்துக் கேட்டார் என்பது அந்தப் பள்ளத்தில் பதிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மொத்தத் தடை 740 கிலோ ஓம் ஆகியிருந்தது. வால்யூம் கண்ட்ரோலுக்கு அது பெரிய குறையில்லை, அங்கே விகிதம்தான் முக்கியம். பள்ளத்தைத் தாண்டும்போது எண் தாறுமாறாகக் குதித்ததுதான் குறை. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பாதிக் கரகரப்பு போனது. அடுத்து, பலர் செய்யும் பென்சில் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். பென்சில் குச்சிகூட கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்ததுதான். 1795இல் பிரான்சில் நிக்கோலா-ஜாக் கோன்தே கண்டுபிடித்த கலவை அது, ரெசிஸ்டர் தண்டுக்கு அண்ணன் முறை. 6பி பென்சிலில் கிராஃபைட் அதிகம். முதலில் தாளில் 10 சென்டிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலத்தில் பட்டை வரைந்து அளந்தேன். ஐந்து முறை தேய்த்ததும் 38 கிலோ ஓம், பத்து முறையில் 14. விரலால் லேசாகத் தடவினால் உடனே ஏறியது. பிடித்து வைக்க ரெசின் இல்லாத வெறும் தூள் அல்லவா.

அந்தப் பள்ளத்தில் பென்சில் பூசியதும் கரகரப்பு மறைந்தது. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு தொடுகம்பி தூளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது, பழைய கரகரப்பு திரும்பியது. லாகரிதம் வகைக் கண்ட்ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. நம் காதுக்கு ஏற்றபடி சத்தம் சீராகக் கூட வேண்டும் என்பதற்காகத் தடத்தின் தொடக்கத்தில் ஒரு கலவை, முடிவில் வேறு கலவை என்று பூசியிருப்பார்கள். பென்சில் அந்த ஒழுங்கைக் கெடுத்துவிடுகிறது, குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே சத்தம் தாவியது. எனவே பென்சிலை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டு, தொடுகம்பியின் விரல்களை அரை மில்லிமீட்டர் உள்பக்கமாக வளைத்தேன். இப்போது அது தேயாத புதுத் தடத்தில் ஓடுகிறது. தாத்தாவின் பள்ளமும் அப்படியே இருக்கிறது. கண்ட்ரோலுக்குப் பின்னால் உள்ள கண்டென்சரில் கசிவு இல்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். தொடுகம்பி வழியாக நேர்மின்சாரம் போனால் எவ்வளவு நல்ல தடமும் கரகரக்கும்.

இதெல்லாம் வைகாசியில் முடிந்தது. டின்னில் காய வைத்த பழைய ரெசிஸ்டர்களை, ஒவ்வொன்றிலும் அளவு எழுதிய சீட்டைக் கட்டி, கடல் பக்கம் பார்த்த ஜன்னல் விளிம்பில் திறந்தபடி வைத்திருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் அவை அங்கே பார்த்தன. மார்கழியில் அளந்தேன். 117க்கு இறங்கிய 100 கிலோ ஓம் 126க்கு ஏறியிருந்தது. 487 திரும்ப 505 ஆகியிருந்தது. அதே நாளில் ரேடியோவைத் திறந்து உள்ளே விட்டுவைத்த 11ஐயும் அளந்தேன். வைகாசியில் எழுதியதிலிருந்து எதுவும் 2 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் தினமும் ஓடுகிறது, வால்வுகளின் சூட்டில் சேசிஸின் உள்பக்கம் காய்ந்தே இருக்கிறது.